கால் எங்கே இருக்கிறது?

புதுக் கார் எடுத்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு ஒரு பட்டன், ஸ்பீடு லிமிட்டருக்கு ஒரு பட்டன். ஷோரூமில் கேட்டால், ‘ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார்’ என்கிறார்கள். அப்படியா?
(செங்கல்பட்டு வாசகர்)

இல்லவே இல்லை. க்ரூஸில் 80 என்று வைத்தால், காலை எடுத்த பிறகும் வண்டி 80-ல் போய்க்கொண்டே இருக்கும். லிமிட்டரில் 80 என்று வைத்தால், நீங்கள் மிதித்தால்தான் வண்டி போகும், ஆனால் 80-ஐத் தாண்டாது. காலை எடுத்தால் வேகம் குறையும். க்ரூஸில் வண்டி ஓடுகிறது, நீங்கள் கண்காணிக்கிறீர்கள். லிமிட்டரில் நீங்கள் ஓட்டுகிறீர்கள், வண்டி கண்காணிக்கிறது. நம் ஊர்ச் சாலைக்கு எது தேவை என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் லிமிட்டர் என்பேன். விளம்பரங்களில் க்ரூஸுக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசி அதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.

லிமிட்டரில் பூட்டிவிட்டு, அவசரத்துக்கு வேகம் எடுக்க வேண்டியிருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோமா?
(கரூர் வாசகி)

மாட்டோம். ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் லிமிட்டர் விட்டுக்கொடுத்துவிடும். வேகம் மறுபடி வரம்புக்குள் இறங்கியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும், படித்துவிடுங்கள். காலியான சாலையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வரும்போது முதல்முறையாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் கண் தெரியாதவர் என்கிறார்களே, உண்மையா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

உண்மை. ரால்ஃப் டீட்டர். 1890-ல் பிறந்த அமெரிக்கர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை போனது. பொறியியல் படித்தார், பிஸ்டன் ரிங் செய்யும் நிறுவனத்தை நடத்தினார், 1936-ல் அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், அடுத்தவர் பேசினால் கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை உடம்பால் உணர்ந்த டீட்டருக்கு எரிச்சலில் பிறந்த யோசனை இது என்று சொல்வார்கள். பார்வையுள்ளவர்கள் கவனிக்காமல் விட்டதை அவர் முதுகும் தோளும் கவனித்திருக்கின்றன.

உங்கள் கேள்வி என்னை இன்னொரு விஷயத்துக்கு இழுத்துப்போகிறது. 1950-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமை, ஆக்சிலரேட்டரை எதிர்த்துத் தள்ளும் ஒரு கருவிக்கு. குறித்த வேகம் வந்ததும் பெடல் காலைத் திருப்பி அழுத்தும், ‘போதும்’ என்று கால் தெரிந்துகொள்ளும். இன்றைய லிமிட்டருக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். காலை எடுத்தாலும் வேகம் குறையாதபடி பூட்டும் வசதி பிறகு சேர்ந்தது. 1958-ல் கிரைஸ்லர் அதைத் தன் கார்களில் கொண்டுவந்து ‘ஆட்டோ பைலட்’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் விற்பனைக்கு உதவியிருக்கலாம். ஓட்டுகிறவருக்கு அது கொடுத்த தவறான தைரியம் இன்றுவரை இறங்கவில்லை.

க்ரூஸ் போட்டுவிட்டுக் காலை மடக்கி உட்காரலாமா? முழங்கால் வலிக்கு இதமாக இருக்கிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

கூடாது ஐயா. மடக்கிய கால் பிரேக்குக்கு வர அரை விநாடி கூடுதலாக ஆகும் என்று வையுங்கள். 80-ல் அந்த அரை விநாடியில் வண்டி 11 மீட்டர் போய்விடும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை பிரேக் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அதுவும் ஓய்வுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடந்தால் இன்னும் நல்லது.

என் வீட்டுக்காரர் பைபாஸ் ஏறியதும் க்ரூஸை 120-ல் வைத்துவிடுகிறார். குறைக்கச் சொன்னால், ‘சட்டமே 120 வரைக்கும் விடுது’ என்கிறார். நேரம் மிச்சமாகும் என்றும் சொல்கிறார். நான் எதைச் சொல்லி நிறுத்துவது?
(குடும்பத் தலைவி, விருதுநகர்)

அம்மா, அவர் சொல்லும் 120 விரைவுச் சாலைக்கு என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. நாலுவழிச் சாலைக்கு அப்போதே 100தான். அந்த அறிவிப்பையும் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து தீர்ப்புச் சொன்னது. அவர் பார்க்க வேண்டியது ஓரத்தில் நட்டிருக்கும் பலகையை. அதில் 80 என்றால் 80, ஊருக்குள் 40 என்றால் 40.

நேரக் கணக்குக்கு வருவோம். நூறு கிலோமீட்டரை 90-ல் போனால் சுமார் 67 நிமிடம், 120-ல் போனால் 50. மிச்சம் 17 நிமிடம். அதுவும் நடுவில் டோல்கேட், வேகத்தடை, மாடு, லாரி எதுவும் இல்லாமல் 120-லேயே போனால். நடைமுறையில் அதில் பாதி நின்றாலே அதிகம்.

இன்னொரு கணக்கை அவரிடம் காட்டுங்கள். உலர்ந்த சாலை, நல்ல டயர், திடீரென்று எதிரே ஒருவர். அதிர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி. 90-ல் வரும் கார் மொத்தம் 80 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். அதே இடத்தில் அவரைப் பார்த்த 120 கார், முதல் கார் நின்ற புள்ளியைக் கடக்கும்போது எவ்வளவு வேகத்தில் இருக்கும் தெரியுமா? இன்னும் 90-க்கு மேல். கூட்டியது முப்பது, ஆனால் முதல் கார் முழுதாக நின்ற இடத்தில் இரண்டாவது கார் 90-க்கு மேல் வேகத்தில் மோதுகிறது. சண்டை போடாமல், ஒரு காபிக்கு நடுவில் இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பின் சீட்டில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறேன். ஸ்பீடு கவர்னர் 80-லேயே பிடித்து நிறுத்துகிறது. ஓவர்டேக் பண்ணப் போனால் பக்கத்து வண்டியும் அதே வேகம். பின்னால் கார்காரர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள். கவர்னர் வயரைக் கழட்டிவிடலாம் என்கிறார் ஓனர். என்ன சொல்கிறீர்கள்?
(லாரி ஓட்டுநர், நாமக்கல்)

கழட்டாதீர்கள். 2015-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி லாரிக்கு 80 வரம்பு. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துக்கு 60. எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டி, வந்ததும் கழட்டும் பழக்கம் ஊரறிந்தது. விபத்து என்று வந்தால் கழட்டச் சொன்ன ஓனர் உங்கள் பக்கத்தில் நிற்பாரா என்று பாருங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது நீங்கள்.

உங்கள் ஓவர்டேக் சிக்கல் நியாயமானது, அதைக் கணக்காகவே பார்ப்போம். முன்னால் போகும் வண்டி 78, உங்கள் வண்டி 80. முழுதாகத் தாண்டி இடது பக்கம் வர சுமார் 60 மீட்டர் முந்த வேண்டும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டு வண்டியும் சேர்ந்தபடி 2.4 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அவ்வளவு தூரமும் சாலை அடைபட்டால் பின்னால் இருப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். தாண்டப்படும் ஓட்டுநர் காலைக் கொஞ்சம் தளர்த்தி ஐந்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தால், அதே வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். லைட்டை ஒருமுறை அடித்து ‘போ’ என்று சொல்லும் பழக்கம் பழைய ஓட்டுநர்களிடம் இருந்தது. அதை இளையவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், உங்கள் தொழிலின் மரியாதை அது. இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக வலது லேனுக்கே வராமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

இன்னொன்று, தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் இறக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கவர்னர் செய்வதெல்லாம் டீசலைக் குறைப்பது மட்டும்தான். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது லோடின் எடை, அதை கவர்னரால் தடுக்க முடியாது. அங்கே நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் போய், பிரேக் காய்ந்து பிடிக்காமல், முன்னால் நின்ற கார்கள்மேல் ஏறிய வண்டிகள் எத்தனை! ஏறிய கியரிலேயே இறக்குங்கள். உங்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள்.

கார் இறக்கத்தில் க்ரூஸ் போட்டால்?
(ஊட்டி வாசகர்)

மேலே லாரிக்குச் சொன்னதேதான். சாதாரண க்ரூஸ் பெட்ரோலைக் குறைக்கும், பிரேக் போடாது. வைத்தது 60 என்றால் இறக்கத்தில் 75 ஆகலாம். மலைப்பாதையில் அதை அணைத்துவிடுங்கள்.

க்ரூஸில் ஓட்டினால் மைலேஜ் கூடுமா?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: கோவை, ஓசூர், நாகர்கோவில்)

சமதளமான நீண்ட சாலையில் கொஞ்சம் கூடும். காரணம், நம் கால் தன்னை அறியாமல் கூட்டியும் குறைத்தும் ஆடிக்கொண்டிருக்கும், க்ரூஸ் ஆடாது. மேடு பள்ளமான இடத்தில் குறையவும் கூடும். ஏற்றம் வருவதைக் கண் முன்கூட்டிப் பார்க்கும். க்ரூஸ் ஏற்றத்தில் வேகம் சரிந்த பிறகுதான் விழித்துக்கொண்டு கியரை இறக்கி உறுமும்.

ஆனால் மைலேஜைத் தீர்மானிப்பது பட்டன் இல்லை, அதில் வைத்த எண். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. க்ரூஸை 110-ல் வைத்துவிட்டு மைலேஜ் வரவில்லை என்று மெக்கானிக்கைக் கேட்காதீர்கள்.

80-ஐத் தாண்டினால் கார் ‘டிங்’ என்கிறது. காதுக்குத் தொல்லை. வயரை வெட்டித் தருகிறேன் என்கிறார் தெரிந்த எலக்ட்ரீஷியன்.
(திருப்பூர் வாசகர்)

2019 ஜூலை 1 முதல் வந்த எல்லாப் புதுக் கார்களிலும் அந்த ஒலி கட்டாயம். 80-க்கு மேல் விட்டு விட்டு, 120-க்கு மேல் விடாமல். வயரை வெட்டுவதற்குப் பதில் லிமிட்டரை 80-ல் வையுங்கள், ஒலி வராது. இலவசம். எலக்ட்ரீஷியனுக்கும் வேறு வேலை இருக்கும்.

ரேடார் வைத்த க்ரூஸ் இருக்கிறது. முன்வண்டி நின்றால் தானும் நிற்கிறது. அதை நம்பி இரவில் ஓட்டலாமா?
(மென்பொருள் பணியாளர், சென்னை)

நம்பாதீர்கள். இந்த ஒரு பதிலையாவது நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ரேடார் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியை அது நன்றாகப் பிடிக்கும். பாலம், பெயர்ப் பலகை, தடுப்புக் கம்பி என்று நகராத பொருள்களும் அதன் கண்ணில் ஆயிரக்கணக்கில் படுகின்றன. அத்தனைக்கும் பிரேக் போட்டால் வண்டியே ஓட முடியாது. அதனால் பல அமைப்புகள், வேகமாகப் போகும்போது நகராத பொருளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வகையில் செய்யப்பட்டிருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை இது உணராமல் போகலாம் என்று கார் கையேட்டிலேயே எச்சரித்திருப்பார்கள்.

இப்போது நம் இரவுச் சாலையை நினைத்துப் பாருங்கள். டீக்கடை எதிரே, பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக, பின்விளக்கு எரியாமல் ஒரு லாரி நிற்கிறது. அச்சு முறிந்த வண்டிக்குப் பின்னால் ஆட்கள் கல்லையும் வேப்பங்கொத்தையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை. விழுப்புரம் பக்கம் அறுவடைக் காலத்தில் கரும்பு டிராக்டர், டிரெய்லரின் விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் தோகை பிதுங்க, சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் இருபதில் ஊர்ந்து போகிறது. இதையெல்லாம் உங்கள் ரேடார் உரிய நேரத்தில் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். உங்கள் கண் பார்க்கும், அது சாலையில் இருந்தால்.

பகலில், கூட்டமில்லாத சாலையில், அது உங்கள் களைப்பைக் குறைக்கும். அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் லா சப்பல் கடைகளுக்குச் சாமான் இறக்குகிறேன். புது வான் எடுத்தனான். வேகம் ஒரு சொட்டுக் கூடினாலும் கீக் கீக் என்று கத்துது. நிப்பாட்டினாலும் அடுத்த நாள் காலமை திரும்பக் கத்துது. என்ன செய்யலாம் அண்ணை?
(பாரிஸ் வாசகர்)

அது பழுதில்லை தம்பி. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது வாகனங்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி கட்டாயம். கேமராவும் வரைபடமும் சேர்ந்து சாலையின் வரம்பைப் படித்துச் சொல்லும். நிறுத்தலாம், ஆனால் வண்டியை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் திரும்ப வந்துவிடும், சட்டமே அப்படித்தான்.

உங்களுக்கு லிமிட்டரைச் சொல்வேன். 2021 ஆகஸ்ட் முதல் பாரிஸின் பெரும்பாலான தெருக்களில் வரம்பு 30. முப்பதில் காலைப் பிடித்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டுகிற உங்களுக்குத் தெரியும். லிமிட்டரை 30-ல் வைத்துவிட்டால் ஸ்பீடோமீட்டரைக் குனிந்து பார்க்கும் வேலை போய்விடும், கண் முழுக்கத் தெருவில் இருக்கும். சைக்கிள்காரர்களும் பிள்ளைகளும் குறுக்கே வரும் ஊர் அது. நெடுஞ்சாலைக்குப் போகும்போது மறக்காதீர்கள்: வெயிலில் 130, மழையில் 110.

மழையில் க்ரூஸ்?
(கடலூர் வாசகர்)

வேண்டாம். தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கும் நொடியில் முதலில் செய்ய வேண்டியது இழுவையைக் குறைப்பது. கால் பெடலில் இருந்தால் அது தானாக நடக்கும். க்ரூஸில் இருந்தால் பட்டனைத் தேட வேண்டும், அல்லது வழுக்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும். இரண்டுமே கெட்டது.

க்ரூஸில் 80 வைத்தால் போன் மேப்பில் 76, 77 என்று காட்டுகிறது. எது சரி?
(வேலூர் வாசகர்)

மேப் உண்மைக்கு நெருக்கம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்கிறார்கள். அந்த மூன்று கிலோமீட்டரை ஈடுகட்ட நினைக்காமல் விட்டுவிடுங்கள்.

சென்னை – திருச்சி சாலையில் க்ரூஸ் போடவே கூடாதா? அவ்வளவு நல்ல ரோடு ஆயிற்றே!
(தாம்பரம் வாசகர்)

போடலாம். எங்கே என்பதில்தான் விஷயம். பரனூர் டோல்கேட் தாண்டியதும் பட்டனை அழுத்திவிட்டு ஆத்தூர் டோல்கேட்டில்தான் எடுப்பேன் என்பது ஆபத்து. அந்தச் சாலை ஊர்களின் நடுவே போகிறது. மீடியனில் அரளிச் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கும். செடிக்கு நடுவே மக்கள் நடந்து நடந்து ஒரு சந்து விழுந்திருக்கும். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா அந்தச் சந்தில் நிற்பார். கட்டு கண்ணை மறைக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்பையே திருப்பித்தான் உங்கள் காரைப் பார்க்க வேண்டும். நூறில் வரும் கார் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் வயலும் வீடும் முன்பு ஒரே பக்கத்து நிலமாக இருந்தவை, நடுவில் நாம்தான் சாலை போட்டோம். எதிர்த் திசையில் ஓரமாக, பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் வரும். யு டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அதை ஓட்டுகிறவருக்கு அதுதான் வழி. அவர் செய்வது தப்பு, ஆனால் அவர் உயிர் உங்கள் காலில் இருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி, முன்னால் அரை கிலோமீட்டர் சாலை தெரிகிறது, மீடியனில் இடைவெளி இல்லை என்றால் க்ரூஸ் போடுங்கள். ஊர்ப் பெயர்ப் பலகை, பஸ் நிறுத்தம், மஞ்சள் விளக்கு மினுக்கும் சந்திப்பு, சாலையோரக் கடைகள் எது தெரிந்தாலும் பிரேக்கை லேசாகத் தொட்டு எடுத்துவிடுங்கள். மறுபடி போட ஒரு விரல் போதும். அடிக்கடி போட்டு எடுப்பது தொல்லையாகத் தோன்றினால், அது க்ரூஸுக்கான சாலை இல்லை. லிமிட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கியர் வண்டியில் க்ரூஸ் வேலை செய்யுமா?
(பெரம்பலூர் வாசகர்)

செய்யும். கிளட்ச் மிதித்தால் பல கார்களில் க்ரூஸ் விலகிவிடும், கியர் மாற்றிவிட்டு மறுபடி போட வேண்டும்.

சாதாரண க்ரூஸில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் பிரேக் விளக்கு எரியுமா?
(சிவகங்கை வாசகி)

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. மைனஸ் பட்டனை அழுத்தி வேகத்தைக் குறைத்தால் எரியாது, எரிபொருள் மட்டும்தான் குறைகிறது. பின்னால் பேருந்து ஒட்டி வந்தால் அதன் ஓட்டுநருக்குத் தகவலே போகாது. அப்போது பட்டனை விட்டு, காலால் பிரேக்கைத் தொடுங்கள். விளக்கு எரியும், க்ரூஸும் விலகும்.

என் மகளுக்குப் பதினெட்டு ஆகிறது. லைசென்ஸ் எடுத்துவிட்டாள். எங்கள் காரில் இரண்டு வசதியும் இருக்கிறது. எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?
(மதுரை வாசகர்)

லிமிட்டர். ஊருக்குள் 40, ரிங் ரோட்டில் 60 என்று நீங்களே வைத்துக் கொடுங்கள். கால் தன் வேலையைப் பழகும், வேகம் கைமீறாது. கொஞ்ச நாளில், ‘அப்பா, இங்கே எவ்வளவு வைக்கட்டும்?’ என்று கேட்க ஆரம்பித்தால், சாலைப் பலகையைப் பார்க்கப் பழகிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டமாக எண்ணை அவளே வைக்கட்டும். க்ரூஸை ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில், காலியான நாலுவழிச் சாலையில் காட்டலாம். முதலில் எப்படிப் போடுவது என்று காட்டாமல், எப்படி எடுப்பது என்று நாலைந்து தடவை செய்ய விடுங்கள். பக்கத்து சீட்டில் நீங்கள் இருங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு.